நூற்றெண்பது

மூன்றாவது பாட்டு முடிந்ததும் எட்மண்ட் பைபிளை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஜெபக் குறிப்பு இருந்தா சொல்லுங்கம்மா."

ஞாயிறு மாலை வீட்டு ஜெபம் இந்த வாரம் திருமுல்லைவாயிலில், ஷைலாவின் வீட்டில். கூடத்தில் பதினோரு பேர். முதலில் கையைத் தூக்கியவள் ஷைலாவின் மாமியார் ஞானகுமாரி.

"எம் மருமவளுக்காக ஜெபிக்கணும் பிரதர். பத்து நாளா ஜுரம் வுட்டு வுட்டு வருது. டெங்குதான். கவுண்ட் எறங்கிடுச்சாம்."

ஷைலா நிமிர்ந்து பார்த்தாள். காலையில் கணவன் ஜாபஸிடம் போனில் சொன்னது அத்தையின் காதில் விழுந்திருக்கிறது. டெங்கு காலத்தில் ஊரெல்லாம் கவுண்ட் என்றால் தட்டணுக்கள். ஷைலாவுக்கும் ஜாபஸுக்கும் அந்தச் சொல் வேறு. எச்.ஐ.வி. அரித்துத் தின்னும் காவல் அணுக்களின் கணக்கு அது. இருநூறுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து.

ஷைலாவுக்குப் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்த கிருமி. ஜாபஸ் தெரிந்தேதான் கட்டிக்கொண்டான். அத்தைக்குத் தெரியாது. தெரிந்தால் இந்தக் காலனியில் ஒரு நாள் இருக்க முடியாது.

"கவுண்ட் எவ்ளோ ஆன்ட்டி?" என்றாள் கிருஷ்ணப்பிரியா. பக்கத்து வீட்டுக்காரி. கோயிலுக்கும் போவாள், அழைத்தால் ஜெபத்துக்கும் வருவாள். அம்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.

"நூத்தி எம்பது."

"ஒரு லட்சத்து எம்பதாயிரமா? அது நார்மல்தானே!"

"லட்சமும் இல்ல, ஆயிரமும் இல்ல. எனக்குக் காது நல்லாத்தான் கீது. வெறும் நூத்தி எம்பது."

எட்மண்ட் சிரித்தார். "வெறும் நூத்தி எம்பதுன்னா இந்நேரம் நாம கல்லறைப் பாட்டு பாடிக்கினு இருப்போம். உங்க மருமவ காபி போட்டுக் குடுத்துக்கினு கீது."

எல்லோரும் சிரித்தார்கள். கிருஷ்ணப்பிரியா சிரிக்கவில்லை. அவள் பார்வை ஷைலாவின் கழுத்தெலும்பில் நின்றது. பிறகு உதட்டோரத்தில் படிந்திருந்த வெள்ளைப் பூஞ்சைப் படலத்துக்கு வந்தது. அங்கேயே தங்கியது.

"ஷைலா, அந்த ரிப்போர்ட்ட எட்தா. பிரியாவே படிச்சிச் சொல்லட்டும்" என்றாள் ஞானகுமாரி.

ஷைலா அறைக்குள் போனாள். கைப்பையைத் திறந்தாள். கிழித்துவிடலாமா? காணோம் என்று சொல்லிவிடலாமா? கதவு சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கிருஷ்ணப்பிரியா.

"எத்தனை நாளா மாத்திரை ஒழுங்கா போடல?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஷைலா கைப்பையை மூடினாள்.

"அத்தை ஜூன்ல வந்தாங்கக்கா. பாட்டிலப் பாத்தா கேப்பாங்களேன்னு... ஒரு நாள் போடுவேன், நாலு நாள் வுட்டுடுவேன்."

"அவங்க கேப்பாங்கன்னு பயந்து சாவப்போறியா? இருமல் வேற. சளி டெஸ்ட் எடுத்தியா? இந்தக் கவுண்ட்டுக்கு டி.பி. வாசல்லயே நிக்கும். நாளைக்குக் காலைல மாத்திரை குடுக்கற சென்டருக்குப் போய் எல்லாத்தையும் சொல்லு."

"வெளிய என்ன சொல்லப்போறீங்க?"

"டெங்கு இல்லன்னு சொல்வேன். அது நிஜம்தானே? மீதி என் வாயிலேர்ந்து வராது."

வாக்கைக் காப்பாற்றினாள். டெங்கு இல்லை என்றதும் ஞானகுமாரி "ஸ்தோத்திரம்!" என்றாள். எல்லோரும் எழுந்து நின்று உரக்க ஜெபித்தார்கள். ஷைலாவின் தலைமேல் அத்தையின் கை அழுந்தியது. தொட்ட கை விஷயம் தெரிந்தால் என்ன செய்யும் என்ற நினைப்பில் ஷைலாவுக்கு ஒரு வசனமும் காதில் ஏறவில்லை.

கூட்டம் கலைந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கிருஷ்ணப்பிரியா எட்மண்டின் மனைவியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் சட்டென்று வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். எதற்காக? சும்மா பார்த்ததா? இனி இந்தத் தெருவில் யார் திரும்பிப் பார்த்தாலும் இப்படித்தான் உயிர் போய் வருமா?

ஷைலா பீரோவில் துணிகளுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மாத்திரையை அறையிலேயே போட்டிருக்கலாம். கூடத்துக்கு வந்து, அத்தையின் எதிரில் உட்கார்ந்து, மூடியைத் திருகினாள்.

"இன்னா மாத்திரைடி அது, இவ்ளோ பெரிசு?"

"டாக்டர் குடுத்தது அத்தை. தெனமும் போடணும்."

"எத்தினி நாளிக்கி?"

ஷைலா மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினாள்.

"எப்பவும்."

"எப்பவும்னா? இந்த வயசுல சக்கரையா ஒனக்கு?" ஞானகுமாரி பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் ஆங்கில எழுத்து. "ஜாபஸ் வரட்டும். இன்னா போட்டுக்கீதுன்னு படிக்கச் சொல்றேன்." டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அண்ணனூரில் ஜாபஸின் ஷிப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஷைலா பாட்டிலை எடுத்து ஒளித்துவிட எழுந்தாள். இரண்டடி வைத்தாள். ஜாபஸ் வந்தே படிக்கட்டும்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.