பிறந்ததை யார் பார்த்தது?

என் தம்பி பானியாஸை வைத்துக்கொண்டு நான் படும் பாடு ஏதென்ஸில் எந்த அண்ணனும் பட்டிருக்க மாட்டான். நான் புகையில் இருமி இருமிக் கரி மூட்டம் போடுவேன். அவன் நகரத்தில் தத்துவக்காரர்கள் பின்னால் சுற்றிவிட்டு வந்து, “உன்னையே நீ அறிந்துகொள்” என்று எனக்குப் பாடம் எடுப்பான். அறிந்து என்ன செய்ய, மூட்டத்தில் போட்டு எரிக்கவா?

அந்த வருஷம் ஊர்க் குடிமக்கள் பட்டியலில் வெளியாட்கள் புகுந்திருக்கிறார்களா என்று சலிக்க உத்தரவு வந்தது. ஒவ்வொருவனும் பலி ஆட்டின் மேல் கை வைத்து, அப்பன் பெயரைச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். பிறகு ஊர் வாக்குப் போடும். பெயரை அடித்துவிட்டால் வீடும் நிலமும் போச்சு. வழக்குப் போட்டுத் தோற்றால் அடிமைச் சந்தைதான்.

முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னேன். “டேய், லைசானியாஸ் மகன்னு சொல்லிட்டு இறங்கு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசுன, தொலைச்சுப்புடுவேன்.”

“சரிண்ணே.”

மறுநாள் ஊர்த்தலைவர் மெனெக்லெஸ் கேட்டார்: “உங்கப்பன் யாருப்பா?”

“லைசானியாஸ்னு எல்லாரும் சொல்றாங்க.”

“அவங்க சொல்றது இருக்கட்டும். உனக்குத் தெரியுமா?”

“பொறந்தப்ப நான் எதையும் கவனிக்கலையே ஐயா. எனக்கே தெரியாததை எப்படிச் சத்தியம் பண்றது?”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாவி, கெடுத்தானே!

மெனெக்லெஸ் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “ஹேகியாஸ், இங்க வா. இவன் உன் கூடப்பொறந்தவன்தானா? அப்படின்னா இவன் பேரை அடிச்சா உன் பேரையும் அடிக்கணும்.”

ஆமாம் என்பதற்கு எவ்வளவு நேரமாகும்? என் மனைவியும் மூன்று பிள்ளைகளும் கண்முன் வந்து நின்றார்கள்.

“இல்லைங்க,” என்றேன். “எங்கப்பா எங்கிருந்தோ தூக்கிட்டு வந்து வளர்த்த பிள்ளை.”

“அதை ஆட்டு மேல கை வச்சுச் சொல்லு,” என்றார் அவர்.

நான் கையை நீட்டுவதற்குள் தம்பி குறுக்கே வந்தான். முகம் வெளுத்திருந்தது. “அண்ணன் எனக்கு எட்டு வயசு மூத்தவரு ஐயா. அவர் பாத்திருப்பாரு. என்னைப் பத்தித்தான் எனக்குத் தெரியாது. ஆனா எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டாரு, அது எனக்குத் தெரியும். அதை வேணும்னா நான் சத்தியம் பண்றேன்.”

சொன்னவன் ஆட்டின் மேல் கையை வைக்கப் போனான்.

“டேய், எடுடா கையை!” என்று கத்தினேன். “ஐயா, நான் சொன்னது பொய். இவன் என் தம்பி. எங்கம்மா இவனைப் பெத்தப்ப, ஆம்பளைப் பிள்ளை பொறந்திருக்குன்னு வாசல்ல ஆலிவ் கிளையைக் கட்டுனதே நான்தான்.” ஆட்டின் மேல் கை வைத்து அதையே சத்தியமும் செய்தேன்.

ஊர் வாக்குப் போட்டது. எதிராகவும் சில விழுந்தன. ஆனாலும் இருவர் பெயரும் நின்றன.

வீடு திரும்பிக் கரி மூட்டத்தருகே வந்ததும் தம்பி கேட்டான்.

“ஏண்ணே அப்படிச் சொன்ன?”

“தெரியலடா,” என்றேன். நன்றாகவே தெரிந்திருந்தது.