முப்பத்திரண்டு மீட்டர் தடம்

விரிவுரையாளர் படத்தைத் திரையில் போட்டதும் திலகவதிக்கு இடம் தெரிந்துவிட்டது. செர்காம் போகும் சாலை. இரு பக்கமும் செம்பனை. தாரில் ஒரு கறுப்புக் கோடு.

தினமும் அந்த வழியாகத்தான் காரில் வருவதாக அவர் சொன்னார். புத்தகத்துக் கணக்கு சலித்துவிட்டதாம். இது நிஜக் கணக்காம். ஒரு மோட்டார் சைக்கிள் முப்பத்திரண்டு மீட்டர் சறுக்கி நின்றது. டயரைச் சாலை எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதைச் சொல்லும் எண், உராய்வுக் கெழு, 0.7. பிரேக் பிடித்தபோது வண்டியின் வேகம் என்ன?

முதலாண்டுப் பொறியியல் வகுப்பு குனிந்து எழுதியது. நிறை இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டது. வண்டியில் ஒருவன் இருந்தாலும் இருவர் இருந்தாலும் விடை ஒன்றுதான். மணிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர். அந்தச் சாலையில் அறுபதுக்கு மேல் போகக் கூடாது. பின்வரிசையில் ஒருவன் கையை முறுக்கி வாயால் மோட்டார் சத்தம் எழுப்பினான். வகுப்பு சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்தார்.

அந்த வண்டியை ஓட்டியவன் திலகவதியின் அண்ணன் கவிநேசன். தொடையில் கம்பி வைத்து, புக்கிட் பெருவாங் வீட்டில் கூடத்தில் படுத்திருந்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவனுடைய கூட்டாளி சர்வின். அவனுக்கு அடிபட்டது வலது கையில். வெல்டிங் வேலை பார்த்த கை. இப்போது கரண்டி பிடிக்க மாட்டேன் என்கிறது.

திலகவதி எழுந்து நின்றாள். 0.7 தப்பு என்றாள். தோட்டத்து மண் பாதையிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் அந்த இடத்தில்தான் சாலைக்கு ஏறும். சக்கரத்தில் வரும் மண் தாரில் உதிரும். காய்ந்தால் மணல். அதில் டயர் பிடிக்காது. இந்தப் பக்கத்து ஆள் எவனைக் கேட்டாலும் சொல்வான்.

விரிவுரையாளர் கோபப்படவில்லை. அப்படியானால் அளந்து வா, லேப் மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த மரியாதையில் அவளுக்கு இன்னும் எரிந்தது. அது யாருடைய தடம் என்று அவள் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் நிலைமை வேறு. தான் மெதுவாகத்தான் போனதாகவும், சர்வின் பின்னால் கைப்பேசியை நோண்டிக்கொண்டு அசைந்ததில்தான் வண்டி நழுவியதாகவும் கவிநேசன் சொன்னான். வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கவிநேசனின் முதுகில் இரண்டு தடவை தட்டியதாகச் சர்வின் சொன்னான். இரண்டு பேரின் அம்மாக்களும் ஒரே தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல் உண்டு வளர்ந்தவர்கள். இப்போது பேச்சு இல்லை. சர்வினின் அம்மா விஜயராணி ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை முனீஸ்வரர் கோயிலுக்கு வரட்டும். உள்ளங்கையில் சூடத்தைக் கொளுத்தி, அடித்து அணைத்து, மெதுவாகத்தான் போனேன் என்று கவிநேசன் சத்தியம் செய்யட்டும். செய்துவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது.

தோட்டத்தை விட்டு எல்லாரும் டவுனுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சூடத்துக்கு முன் பொய் சொல்ல மட்டும் இன்னும் யாருக்கும் துணிவு வரவில்லை. கவிநேசன் கால் வலிக்கிறது என்றான்.

திலகவதி அளக்கப் போனாள். லேப் கூட்டாளி லுத்ஃபியா கார் கொண்டுவந்தாள். மஸ்ஜித் தானாவில் அவள் அத்தா வைத்திருக்கும் கடையிலிருந்து ஒரு மரப்பெட்டியும், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசும் எடுத்து வந்திருந்தாள். பெட்டியின் அடியில் பழைய டயர்த் துண்டை ஆணி அடித்து, உள்ளே கல்லை நிரப்பி, தடத்தின் மேல் இழுத்தார்கள். தராசு காட்டியதைத் திலகவதி எழுதினாள். மறுபடி இழுத்தாள். மறுபடி. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார்கள்.

"யாராச்சும் கேட்டா புளி விக்கிறோம்னு சொல்லு லா" என்றாள் லுத்ஃபியா.

திலகவதி சிரிக்கவில்லை.

கெழு 0.42 வந்தது. வேகம் ஐம்பத்தெட்டு. காரின் மேல் தாளை வைத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். ஐம்பத்தெட்டுதான். அதை அந்த விரிவுரையாளரின் மேசையில் எறிய வேண்டும் என்று அவளுக்குக் கை துடித்தது. அப்புறம் சர்வினின் முகத்தில். முதுகில் தட்டினானாம்.

அம்மா உஷாராணி விடையைக் கேட்டதும் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். சூடமே தேவையில்லை என்றார். மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள், அளந்து பார்த்துச் சொல்கிறாள், விஜயராணி அதற்கு மேல் என்ன கேட்க முடியும்?

கவிநேசன் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். விபத்துக்குப் பிறகு அவன் முகத்தில் முதல் தடவையாகக் களை தெரிந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல? அந்த லாரிக்காரன் அங்க நிறுத்தாம இருந்தா இதெல்லாம் இல்ல. அவன் பின்னால போய் இடிக்கலன்னா வண்டி நேரா பாலம் வரைக்கும் போயிருக்கும் லா. எனக்கு ஒரு கீறல் விழுந்திருக்காது."

திலகவதி அறைக்குப் போனாள். தாளைப் பிரித்தாள்.

இறுதி வேகம், பூஜ்யம். அவள் கையெழுத்துதான்.

வண்டி சறுக்கி நின்றது என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். அவர் பார்த்தது கோட்டை மட்டும். குலை ஏற்ற ஓரத்தில் நின்றிருந்த லாரி, அவர் பார்ப்பதற்கு முன்பே போய்விட்டது. அவருக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும். அந்த லாரியின் பின்பலகை நசுங்கியிருந்ததைக் காவல் நிலைய வாசலில் நின்று பார்த்தவள் இவள். பார்த்திருந்தும் பூஜ்யம் போட்டிருக்கிறாள். ஓர் எண்ணோடு மல்லுக்கட்டியதில் இன்னோர் எண் பக்கத்திலேயே நடந்து போய்விட்டது.

வண்டி தானாக நிற்கவில்லை. லாரிதான் நிறுத்தியது. முப்பத்திரண்டு மீட்டர் உராய்ந்த பிறகும், ஒருவன் தொடையை முறித்து இன்னொருவன் கையை நசுக்கும் அளவுக்கு அதில் வேகம் மிச்சம் இருந்திருக்கிறது. ஐம்பத்தெட்டு என்பது அந்த மிச்சத்தைச் சேர்க்காத கணக்கு. சேர்த்தால் எவ்வளவு? தெரியாது. கூடும். அது மட்டும் நிச்சயம்.

கூடத்துக்குத் திரும்பி வந்தாள்.

"லாரியில இடிக்கும்போது எவ்வளவு வேகத்துல இருந்தண்ணே?"

"பிரேக் புடிக்கிறவன் மீட்டரப் பாத்துக்கிட்டா இருப்பான்?"

"சரி. புடிக்கிறதுக்கு முன்னாடி?"

கவிநேசன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அம்பத்தெட்டுன்னு சொல்லிட்டு வாயேன்" என்றான் அவன். "அங்க யாருக்கு பிசிக்ஸ் தெரியும்?"

வகுப்பில் சிரித்தவர்களுக்கு எதுவும் தெரியாது. இவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இத்தனை நாள் அவள் யாருக்காகக் கல் சுமந்தாளோ அவன், அவளை ஒரு சூடத்துக்குப் பதிலாக அனுப்பப் பார்க்கிறான். வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினாள். அம்மா குறுக்கே வந்து, அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது என்றார்.

வெள்ளிக்கிழமை மூவரும் போனார்கள். கவிநேசன் கோயிலை ஒட்டி நிறுத்திய காரிலேயே, பின் ஸீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். அவனால் இறங்க முடியாது என்று அம்மா சொன்னார். காலையில் அவன் ஊன்றுகோலோடு முன்வாசல் வரை போய் வந்ததைத் திலகவதி பார்த்திருந்தாள்.

விஜயராணி தனியாக வந்திருந்தார். கையில் சூடப் பொட்டலம். உஷாராணி பேச ஆரம்பித்தார்: மண்ணு, லாரி, தராசு, மகளின் படிப்பு. விஜயராணி முழுதும் கேட்டார். பிறகு பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"சூடம் வேணாம் உஷா. திலகா சொல்லட்டும். அது பொய் சொல்லாது. அவன் மெதுவாத்தான் போனான்னு அது வாயால சொன்னா, வீட்டுக்குப் போயி எம் மவன்கிட்ட நீதான்டா தப்புன்னு சொல்லிர்றேன்."

அம்மா திலகவதியின் முழங்கையைப் பிடித்தார். பிடி இறுகியது.

"அம்பத்தெட்டுங்கறது வண்டி தானா நின்னிருந்தா, அத்தை" என்றாள் திலகவதி. "அது நிக்கல. லாரியில போய் இடிச்சுச்சு. அதனால அதுக்கும் மேலதான் போயிருக்கு. எவ்வளவு மேலன்னு எனக்குத் தெரியல. நான் போட்ட கணக்கு தப்பு."

கோயிலில் வேறு யாரும் இல்லை. உஷாராணி மகளின் கையை விட்டுவிட்டு நடந்தார். விஜயராணி அழவில்லை, நன்றி சொல்லவும் இல்லை. முனீஸ்வரர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

காருக்குள் அம்மா முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவிநேசன் எல்லாவற்றையும் ஜன்னல் வழியே கேட்டிருந்தான்.

"உனக்கென்ன, மார்க் கெடைச்சிரும்" என்றான்.

திலகவதி பின்கதவைத் திறந்தாள். குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சர்வின் உன் முதுகுல தட்டுனானா இல்லியா?"

அவன் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல."

"தட்டுனான்."

"அத அவங்கம்மாகிட்ட சொல்லு."

"கால் வலிக்குது திலகா. ஏறு. போலாம்."

அவள் ஊன்றுகோலை எடுத்துத் தரையில் நிறுத்திப் பிடித்தாள். அம்மா அவள் பேரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். விஜயராணி இன்னும் சாமி முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவன் கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தான். திலகவதி இடுப்பைக் கொடுத்து அதைத் தடுத்து நின்றாள்.

"எறங்கு" என்றாள்.