பெட்ரிஷின் வீட்டுக் கொல்லையில் முடியாத குளிர்காலம்

ஆஷ்பர்ன் நகரத்து ஐஸ் ஹாக்கி அணியின் முதலாளி தர்லோ ஹாஸ்கெட் அரங்கத்தைப் பூட்டிய செப்டம்பர் காலையில், லோர்ன் பெட்ரிஷினின் வீட்டுக் கொல்லை முழுக்க ஐஸ் உறைந்து கிடந்தது. தக்காளி பழுக்கிற வெயில். லோர்னின் மனைவி டார்லீன் சுத்தியலால் தட்டிப் பழங்களைப் பெயர்த்து வந்தாள். சாலட் நன்றாகவே இருந்தது. அதே காலையில் அரங்கத்து ஐஸ் தண்ணீராகிப்போனது. இயந்திரங்கள் தொண்டை கிழியக் கத்தியும் அது உறையவில்லை. வாத்துகள் வந்து இறங்கின.

பூட்டியதற்குக் காரணம் பேராசை என்றார் ஹாஸ்கெட். ஆட்டக்காரர்களுடைய பேராசையாம். ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சம்பளத்தை ஏற்றிவிட்டவர்களே எல்லா அணிகளின் முதலாளிகள்தான். இப்போது தங்கள் கையை யாராவது கட்டிப்போட வேண்டும் என்று சம்பளத்துக்கு உச்சவரம்பு கேட்டார்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வித்தை. இரு தரப்பு வழக்கறிஞர்களும் டொரொண்டோவில் நல்ல ஓட்டலாகப் பார்த்துத் தங்கி, மதியச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள்.

அந்த அணியின் தடுப்பாட்டக்காரன் லோர்னுக்கு முப்பத்தேழு வயது. அவனுடைய இடது முழங்கால் இன்னும் ஒரே ஒரு குளிர்காலம்தான் தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த ஒன்றைத்தான் பூட்டிவிட்டார்கள். லோர்ன் நாலு நாள் சோபாவில் சுருண்டு கிடந்தான், அழவும் அழுதான்.

"உன் முட்டிக்கா பூட்டு போட்டாங்க? எந்திரிய்யா. கொல்லையில போய் ஆடு" என்றாள் டார்லீன்.

ஆடினான். மற்ற ஆட்டக்காரர்கள் வந்தார்கள், அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஊரில் ஐஸ் இருந்த ஒரே இடம் அதுதான். அந்த ஐஸ் தன்னுடைய சொத்து என்று ஹாஸ்கெட் நோட்டீஸ் அனுப்பினார். அதில் ஐஸின் பெயரும் இருந்தது. ஐஸ் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாஸ்கெட் தானே புறப்பட்டு வந்தார், பத்திரிகைப் படத்துக்காகக் கையில் புது மட்டையோடு. அங்கேதான் தப்பு செய்தார். கொல்லை ஆட்டத்தில் மட்டையோடு ஐஸில் நிற்பவன் ஆட்டக்காரன். எல்லா மட்டைகளையும் நடுவில் குவித்து, ஒருவர் குல்லாயைக் கண் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வீசுவார். உன் மட்டை விழுந்த பக்கம்தான் உன் பக்கம். அன்றைக்கு வீசியவள் பஸ் ஓட்டுகிற வெர்னா. ஹாஸ்கெட்டின் மட்டையைப் பிடுங்கிக் குவியலில் போட்டாள். அது லோர்ன் பக்கம் விழுந்தது.

"பக்கம் மாத்திக்க எவ்வளவு வேணும்?" என்றார் ஹாஸ்கெட்.

கொல்லையே சிரித்தது. "முதலாளி, இங்க உச்சவரம்பு சைபர்" என்றாள் வெர்னா. "இந்தா சறுக்கு ஷூ, குனிஞ்சு கட்டு."

ஹாஸ்கெட் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசியில் லோர்ன் அடித்த வட்டு அவர் முட்டி எலும்பில் பட்டு கோலுக்குள் போனது. மனிதர் லோர்னைக் கட்டிப்பிடித்துத் தேம்பித் தேம்பி அழுதார். "இந்த வயசுல இப்படி ஒரு நாள் வரும்னு நெனைக்கவே இல்லடா!" என்றார். மறுநாள் காலை முதலாளிகள் கூட்டத்தில் அந்த ஆண்டின் போட்டிகள் அனைத்தையும் ரத்து செய்வதற்கு வாக்களித்தார். ஒரு கோலுக்காகக் கொள்கையை விட முடியுமா?

கோடையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரு தரப்பும் வென்றதாக இரு தரப்பும் அறிவித்தன. அதனால் டிக்கெட் விலை ஏறியது. அரங்கத்துத் தண்ணீர் சமர்த்தாக உறைந்தது. புது அணியில் லோர்ன் இல்லை. குளிர்காலம் முடிந்துவிட்டது, முழங்காலும் முடிந்திருக்கும் என்று மேலாளர் வருத்தப்பட்டார்.

லோர்ன் மருத்துவரை அழைத்து வந்தான். ஜூலை வெயிலில் அவர் கொல்லையில் இறங்கி, குதிகாலால் ஐஸை ஓங்கி மிதித்துப் பார்த்தார். முழங்காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"ஒரு குளிர்காலம்னுதானே சொன்னேன்? இது இன்னும் முடியலையே" என்றார்.

பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் முடியவில்லை. லோர்ன் தினமும் ஆடுகிறான், டார்லீன் சுத்தியலோடு தக்காளி பறிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்கெட் அரைக்கால் சட்டையில் வந்து விழுந்து எழுகிறார்.