நிசப்தவனத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்

நிசப்தவனத்தில் வீடு விற்பதில்லை. முதலில் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். காசைக் கொடுத்துச் சாவியை வாங்குகிற கீழ்த்தரமான பழக்கமெல்லாம் சென்னையோடு நின்றுவிடும். ஜவ்வாது மலை அடிவாரத்தில், கடைசிப் பேருந்து திரும்பிப் போகிற இடத்துக்கும் அப்பால், மண்பாதை முடிகிற இடத்தில் நிற்கும் அந்த ஓட்டு வீடுகள் தங்களுக்கான மனிதர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். வீடுகளால் அடையாறு வரை வந்து உட்கார முடியாது என்பதால் அவற்றின் சார்பில் சாய்சரண் உட்கார்ந்தார். பணத்தையும் அவற்றின் சார்பில் அவரே வாங்கிக்கொண்டார்.

சாய்சரண் ஒரு வெளிநாட்டு வங்கிக்குப் பல வருஷம் கணினி வேலை பார்த்தவர். ஒருநாள் காட்டில் ஒரு வண்ணத்துப்பூச்சி தன்னை உற்றுப் பார்த்ததாகவும், அன்றே ராஜினாமா செய்ததாகவும் சொல்வார். வண்ணத்துப்பூச்சி தரப்பை யாரும் விசாரிக்கவில்லை.

அவருடைய தேர்வுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை போனவர்கள் அய்யாதுரையும் அவர் மனைவி தங்கமும். ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை. எதிர்த்த ஜவுளிக்கடை வாசலில் ஓர் ஒலிபெருக்கி. கடை திறந்ததிலிருந்து அடைக்கிறவரை அதில் ஒரே பெண் குரல், "உள்ளே வாங்க, மேல் மாடிக்கும் வாங்க" என்று அழைத்துக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் அதைக் கேட்டுக் கேட்டு, இப்போது கடை அடைத்த பிறகும் அய்யாதுரையின் காதுக்குள் அந்தப் பெண் அழைத்துக்கொண்டிருந்தாள். கூடவே நிற்காத ஒரு குக்கர் விசில். நந்தனத்தில் இருந்த காது டாக்டர், இதற்கு மருந்து கிடையாது, சத்தமில்லாத இடத்தில் போய் இருந்தால்தான் உண்டு என்று சொல்லி, தூக்கத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

நிசப்தவனத்தில், வாங்க விரும்புகிறவர்கள் ஓர் இரவு தங்கிப் பார்க்கலாம். அய்யாதுரை தங்கினார். மாத்திரை போட மறந்து தூங்கிப்போனார். முகத்தில் வெயில் விழுந்தபின் கண் விழித்தவர், செத்துப்போய்விட்டோமோ என்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு அந்த வீடு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

தங்கம் அதே இரவு பொட்டுக்கூடக் கண் மூடவில்லை. ஒரு திருடனாவது வந்தால் பேச்சுத்துணையாக இருக்குமே என்று வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அடையாறுக்குப் போகிற வழியில், காரை ஓட்டிக்கொண்டே அய்யாதுரை ஒரே ஒரு வரம் கேட்டார்.

"ஏளா, அங்க வந்து நீ வாயத் தொறக்கப்படாது. அவ்வளவுதான்."

"நான் எதுக்கு வாயத் தொறக்கேன்? நீங்க போயி அந்தக் காட்டுல ஓணானுக்குக் கதை சொல்லுங்க. எனக்கென்ன."

"விளையாடாத. எனக்கு உசுரு போற விஷயம்."

"எனக்கு மட்டும் என்ன, மயிரு போற விஷயமா? பால்காரன் வரமாட்டான், பூக்காரி வரமாட்டா. பக்கத்து வீட்டுல சண்ட போட்டா எட்டிப் பாக்கக்கூட ஒரு நாதி கெடையாது. என்னயக் கொண்டு அங்க உசுரோட பொதைக்கப் பாக்கீய."

பிறகு, பேசமாட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். இவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒப்புக்கொண்டதில்லை என்பது, கார் சிக்னலில் நின்றபோது அய்யாதுரைக்கு உறைத்தது. பச்சை விழுந்துவிட்டது.

அடையாறு அலுவலகத்தில் நாற்காலியே இல்லை. பூமியோடு தொடர்பில் இருக்க வேண்டுமாம். இரண்டாம் மாடியில் எந்தப் பூமி என்று முழங்கால் வலியோடு யோசித்தபடி அய்யாதுரை கோரைப்பாயில் இறங்கினார். எதிரே சாய்சரண், பக்கத்தில் கோமளம். கோமளம் மயிலாப்பூர்க்காரர், நிசப்தவனத்தில் முதல் வீட்டை வாங்கியவர், இப்போது வருகிறவர்களை எடைபோடுகிறவர். நான்கு மண் கோப்பைகளில் செம்பருத்திக் கஷாயம் வந்தது.

சாய்சரண் மௌனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மௌனம் என்பது சத்தமின்மை அல்ல என்றார். மௌனத்துக்கும் ஒரு குரல் உண்டு என்றார். கஷாயம் ஆறிப்போனது. மௌனத்தின் ஏழு அடுக்குகளில் நான்காவதுக்கு அவர் வந்தபோது கீழே தெருவில் ஒரு குல்ஃபி வண்டி மணியடித்துக்கொண்டு வந்து, நின்று, வியாபாரம் முடித்துப் போயேவிட்டது.

"சொல்லுங்க சார், காடு உங்களை எப்படிக் கூப்பிட்டது?"

கூப்பிடாததால்தான் போகிறேன் என்று சொல்ல அய்யாதுரைக்கு ஆசை. வம்பு வேண்டாமென்று, "ம்" என்றார்.

"நீங்க காட்டுக்கு என்ன கொடுப்பீங்க?"

"ம்."

கோமளம் கண்களை மூடித் திறந்தார். "என்ன ஆழம் பாருங்கோ! வரவா எல்லாரும் பேசிண்டே இருப்பா. இவர் உள்ளுக்குள்ளயே இருக்கார்."

வீடு கைக்கு வந்துவிட்டது. பாத்திரக்கடைக்காரர் ஒருவர் வாயை மூடிக்கொண்டே ஞானியாகிவிட்ட அந்த நேரத்தில், கோமளம் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்ன விஷயம். உங்காத்துல சாப்பாடு எல்லாம்... எப்படி? ஒரு சாத்விகமா இருக்குமோன்னோ?"

அய்யாதுரைக்குப் புரியவில்லை. "வீட்டுல அவதான் சமைப்பா" என்றார்.

"அது சரி. நான் கேக்கறது, அந்த மாதிரி... வாசனை வர்ற பதார்த்தம்..."

தங்கம் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள்.

"கருவாடாம்மா? வாரத்துல மூணு நாள் உண்டு. வாளைன்னா இவியளுக்கு உசுரு. நெத்திலிய வறுத்து வச்சிருவேன், தண்ணிச் சோத்துக்கு. அங்க காத்தோட்டமா இருக்கு பாத்தியளா, முத்தத்துல அடுப்பப் போட்டுரலாம்னு இருக்கேன்."

நிசப்தவனத்தின் அலுவலகத்தில் முதல்முறையாக நிசப்தம் நிலவியது.

அய்யாதுரை மனைவியைப் பார்த்தார். அவள் பல்லியைத் தேடுவதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க யாரையும் ஒதுக்கறவங்க இல்ல சார்" என்றார் சாய்சரண். யாரும் அப்படிச் சொல்லவே இல்லை. "சாப்பாடு அவங்கவங்க சுதந்திரம். எனக்கே எத்தனையோ நான்-வெஜ் ஃப்ரெண்ட்ஸ். ஆனா அந்த மண்ணுக்குன்னு ஒரு அதிர்வு இருக்கு. உங்க அதிர்வு வேற. மேல, கீழன்னு சொல்லல. வேற."

"அந்தக் காட்டுல சிறுத்தை திரியுதுன்னு உங்க வாட்ச்மேன் சொன்னாரே. அதுக்கு என்ன அதிர்வு?" என்றாள் தங்கம்.

"அது இயற்கை."

"அப்ப நாங்க?"

சாய்சரண் எழுந்து கைகூப்பினார். நேர்காணல் முடிந்தது.

தங்கம் வந்த காரியமும் முடிந்தது. அவள் சந்தோஷமாகக் கிளம்பியிருப்பாள். பாண்டி பஜாரில் ஒரு ரோஸ்மில்க்கூடக் குடித்திருப்பாள். கோமளம் கோப்பைகளை எடுத்த விதத்தில்தான் எல்லாம் மாறியது. தன்னுடையதையும் சாய்சரணுடையதையும் கழுவுவதற்குத் தட்டில் வைத்தார். மற்ற இரண்டையும் விளிம்பில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், பால்கனிப் பூந்தொட்டியில் போட்டு ஒரு கல்லால் தட்டி உடைத்தார்.

"எங்க கோப்பைய மட்டும் ஏன் ஒடைக்கீய?"

"மண்ணுலேர்ந்து வந்தது மண்ணுக்கே போயிடணும்மா. அது ஒரு தத்துவம்."

"உங்களுது எப்பப் போவும்?"

"அது நாங்க தினம் குடிக்கறதாச்சே" என்றார் கோமளம், மிகவும் இயல்பாக.

காரில் ஏறியதும் அய்யாதுரை வெடித்தார்.

"திருப்தியா? குளுந்துச்சா? ஒரு நாள் தூங்குனேன்டி நான், ஒரே ஒரு நாள்! அது பொறுக்கல உனக்கு."

"அந்த எடம் வேணும்" என்றாள் தங்கம்.

"என்னது?"

"அந்த எடம் எனக்கு வேணும்ங்கேன்."

"இப்பத்தானளா கெடுத்த!"

"நான் கெடுத்தேன். என் புருசன் ஆசைய நான் கெடுப்பேன், எனக்கு உரிமை இருக்கு. அவன் யாரு எனக்கு வேண்டாம்னு சொல்ல? வேண்டாம்னு நான்லா சொல்ல வந்தேன்!"

இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டும் ஏற்காது. ஆனால் அய்யாதுரை வண்டியைக் கிளப்பிவிட்டார்.

கலீமுல்லா, பாத்திரக்கடைக்குப் பக்கத்தில் லைனிங் துணி விற்பவர். சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம். நிசப்தவனத்து வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த புளியந்தோப்பும் அதற்குள் ஒரு பழைய ஓட்டு வீடும் அவருடையவை. அய்யாதுரைக்கு அந்த மலையடிவாரத்தை முதலில் சொன்னவரே அவர்தான். நடந்ததைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அரே அண்ணாச்சி, அந்த ஆளா? என் ஆட்டுங்க கழுத்துல மணிய கழட்டச் சொன்னான் அண்ணாச்சி. தியானத்துக்கு இடைஞ்சலாம். ஆட்டுக்கு சைலண்ட் மோட் கம்பெனியிலேயே வெக்கல நைனா, நான் இன்னா பண்றதுன்னேன். மூஞ்சி போன போக்க பாக்கணுமே!"

"பாய், அந்த வீட்ட எங்களுக்குக் குடுத்துருங்க" என்றாள் தங்கம்.

"எடுத்துக்க தங்கச்சி. நாம இன்னா வெளி ஆளா? தண்ணி நல்லா கீது, ரோடுதான் கொஞ்சம்..."

"அதெல்லாம் இருக்கட்டும். காத்து எந்தப் பக்கமா அடிக்கும்?"

கலீமுல்லா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையுடன் சொன்னார்: "மேக்கால இருந்து. நம்ம தோப்பு தாண்டி நேரா அவன் தியான மண்டபம்."

பத்திரப்பதிவு முடிந்த வாரமே தங்கம் போய்விட்டாள். இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகத்தான் பேச்சு. ஆனால் முற்றத்தில் அடுப்பைப் போட்டு முதல் சட்டி காய்ந்ததுமே வேலிக்கு அந்தப் பக்கம் கோமளம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். பேச்சு பேச்சை வளர்த்தது. ஆள் அரவமே இல்லை என்று அழுத தங்கத்துக்கு இப்போது விடிந்தால் எழுந்து சண்டைபோட ஒரு வேலியே கிடைத்துவிட்டது. சிறுத்தை வந்திருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பாள். டி. நகருக்குத் திரும்பும் எண்ணத்தையே விட்டுவிட்டாள்.

அய்யாதுரை சனி தோறும் மாத்திரை இல்லாமல் தூங்கப் போனார். தூங்கவும் செய்தார், மூன்றாவது வாரம் வரைக்கும். மூன்றாவது வாரம் நிசப்தவனம் ஓர் ஒலிபெருக்கி வாங்கியது.

கருவாட்டு வாசனை கெடுக்கும் அதிர்வுகளை மந்திர அதிர்வுகளால்தான் சரிசெய்ய முடியும் என்று அவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். புளியந்தோப்பைப் பார்த்தபடி வேலிக் கம்பத்தில் அதைக் கட்டினார்கள். வெளிச்சம் வருவதற்கு முன்பே அது பாடும். பொழுது சாய்ந்த பிறகும் பாடும். மௌனத்தின் ஏழு அடுக்குகள் பற்றிய சாய்சரணின் உரையும் நடுவில் வரும். அய்யாதுரை தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருந்தார். தங்கம் இரண்டாவது சட்டியை ஏற்றினாள்.

அதற்குப் பிறகு அவர் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டார். மாத்திரை இப்போது ஒன்றுக்கு இரண்டானது.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒருநாள், ரங்கநாதன் தெருவில் பலரிடம் இடி வாங்கி, கதர் ஜிப்பா கசங்கி, சாய்சரண் பாத்திரக்கடைக்கு வந்து சேர்ந்தார். எதிரில் அந்தப் பெண் குரல் தெருவையே உள்ளே அழைத்துக்கொண்டிருந்தது.

"சார், நாங்க திரும்ப யோசிச்சோம்" என்றார். "நீங்க அன்னிக்குத் தங்கின வீடு காலியாத்தான் இருக்கு. உங்களுக்கே தர்றோம். ஸ்பீக்கரை அன்னிக்கே இறக்கிடறோம். மேடம் அந்த அடுப்பை மட்டும் நிறுத்தினாப் போதும்."

அய்யாதுரையின் முகத்தில் வெயில் விழுந்தது போலிருந்தது. அந்த ஜன்னல், அந்தக் கட்டில், விசில் இல்லாத அந்தக் காலை. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"கேக்கலயே" என்றார்.

"வீடு தர்றோம் சார்! வீடு!"

"பாத்திரமா? என்ன சைஸ்ல?"

"வீடு! நீங்க வந்துடலாம்! எங்களுக்கு ஆட்சேபணை இல்ல!"

"இந்தக் காதுல சொல்லுங்க. அது கேக்காது."

சாய்சரண் சுற்றி வந்து மறு காதில் கத்தினார். குக்கர் வாங்க வந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கலீமுல்லா தன் கடையைவிட்டு வெளியே வந்து, கைகட்டி வசதியாக நின்றுகொண்டார்.

"கருவாடு!" என்று சாய்சரண் அலறினார். "உள்ள நீங்க கருவாடு சாப்பிட்டுக்கலாம்! வாரத்துல ஒரு நாள்! ஜன்னலை மூடிண்டு!"

"கருவாடு இங்க கெடைக்காது தம்பி" என்றார் அய்யாதுரை. "நாங்க எவர்சில்வர்தான்."

சாய்சரண் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கடைசி முறை குரல் உடைந்து, வாய் மட்டும் அசைந்தது. பிறகு கூட்டம் அவரை மாம்பலம் ஸ்டேஷன் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அய்யாதுரைக்கு எல்லாம் கேட்டது. முதல் தடவையே கேட்டது. கூடவே, பூந்தொட்டியில் கோப்பை உடைந்த சத்தமும்.

சாயங்காலம் தங்கம் போன் செய்தாள். பின்னணியில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது.

"அந்த ஆளு வந்தானாமே? பாய் சொன்னாவ."

"வந்தான்."

"என்ன சொன்னான்?"

"காதுல விழல."

ஒலிபெருக்கிக்கு நடுவே அவள் அடுப்பை ஊதுவது கேட்டது.

"சரி, மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க" என்றாள். "சனிக்கிழம வரும்போது காசிமேட்டுல நல்ல வாளையாப் பாத்து வாங்கிட்டு வாங்க. இங்க இருப்பு தீந்துபோச்சு."