மாதம் இரண்டு ஞாயிறு

அப்பா வீட்டிலிருந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பிய வாலுவின் தலை முழுக்கப் பேன். ஒன்பது வயது மகளை முழங்கால்களுக்கு நடுவே உட்கார வைத்து அம்மா பேன்சீப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். வாலு தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"நான் அப்பா வீட்லயே இருந்துடறேம்மா. அங்க யாரும் திட்டறதே இல்ல."

திட்டுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? விவாகரத்தில் அவனுக்குக் கிடைத்தது மாதம் இரண்டு ஞாயிறு. பூங்கா, ஐஸ்கிரீம், சினிமா. வீட்டுப்பாடம், காய்ச்சல், பல் டாக்டர், நகம் வெட்டுவது எல்லாம் மிச்ச நாட்களுக்கு. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள்; ஒன்பது வயதுக்கு அதெல்லாம் எங்கே ஏறும்? ஆனாலும் பிள்ளை ஆசையாகக் கேட்டதைக் காதில் விழாத மாதிரி விட்டுவிட அம்மாவுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பக்கத்து மேசைக்காரி அலுத்துக்கொண்டாள். "வீட்டுக்காரர் பத்து நாள் ஊர்ல இல்ல. இப்ப நானும் உன்ன மாதிரி சிங்கிள் மதர்தான்!"

பதினோராம் நாள் வந்துவிடுவாரே என்று சொல்ல நாக்கு துடித்தது. சிரித்து மழுப்பிவிட்டு, லென்ஸ் தீட்டும் அறைக்குப் போய் மகளின் அப்பாவை ஃபோனில் கூப்பிட்டாள்.

"என்கூடவா? எப்பவுமேவா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "காலைல யாரு கெளப்பறது? காய்ச்சல்னா யாரு லீவு போடறது?"

"இத்தன நாளா யாரு போட்டா?"

"ஆரம்பிச்சிட்டியா? தனியா வளக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற. அப்ப நான் யாரு? மாசம் ரெண்டு ஞாயிறு பாத்துக்கறேன்ல?" பிறகு தணிந்து, "நான் வேணாம்னேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாத. தாங்கமாட்டா" என்றான்.

அது ஒன்று மட்டும் அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டபடி, மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அப்பா வரச் சொன்னாரு. நான்தான் விடமாட்டேன்னுட்டேன்."

வாலு அழவில்லை. அழுதிருந்தாலும் தேவலை. "உன்ன எனக்குப் பிடிக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள்.

"அப்பா, அம்மாதான் விடமாட்டேன்னுட்டா. நீ அழாதப்பா."

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று அம்மா பயந்தாள். சொல்லித் தொலைக்கமாட்டானா என்றும் ஏங்கினாள்.

"பரவால்லடா தங்கம்" என்றான் அவன். "நாம பொறுத்துக்கலாம்."

அம்மா சீருடைச் சட்டையைத் திருப்பிப் போட்டு மற்றக் கையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.