நாலாம் வரிசை வீடு

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்து, கதவின் உள்தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தான் அருள்மணி. விரல் நுனியில் இரும்பு பட்டது, பிடி கிடைக்கவில்லை. பின்னால் அவன் மனைவி ஷர்மிளா காபித் தம்ளருடன் நின்றாள். காபி ஆறிப்போயிருந்தது.

“சின்னம்மா” என்று மறுபடியும் கூப்பிட்டான்.

ஒருவழியாகத் தாழ் நகர்ந்தது. கமலாம்பாள் சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கை பாயைத் தாண்டித் தரையில் நீண்டிருந்தது. அதற்கும் ஒரு முழம் தள்ளி, தட்டு போட்டு மூடிய தண்ணீர்ச் செம்பு.

ஷர்மிளா குனிந்து தொட்டுப் பார்த்தாள். “சில்லுனு ஆயிடுச்சுங்க.”

அவன் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு மணிக்குள் சாமியானா வந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. முதல் வரிசையில் இருந்த அவன் வீட்டுக்கும் நாலாம் வரிசைக்கும் இடையே அன்று காலையில் மட்டும் பத்துப் பதினைந்து தடவை நடந்திருப்பான். கூப்பிட்டால் கேட்காத தூரம் அது. அந்தத் தூரத்தை உண்டாக்கியது அவன்தான்.

கடல் பொங்கி வந்து அவன் அப்பாவைக் கொண்டுபோன மறு வருஷம், வீடு கட்டித் தர வந்த வெளிநாட்டு அமைப்பு ஒன்றில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. குப்பத்தில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியலில், யார் யாருக்கு என்ன உறவு என்பதை ஜனங்கள் சொன்னபடியே குறித்திருந்தார்கள். அறுபத்து மூன்று உறவுச் சொற்கள். அந்த அமைப்பின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை ஒன்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக அந்த ஒன்பதில் ஒன்றைப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அம்மா, மகன், மனைவி எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்தன. மச்சான், நாத்தனார், ஓரகத்தி என்று வரும்போது கை நின்றது.

மேற்பார்வைக்கு வந்திருந்த கிளாட்வினிடம் கேட்டான். “சார், சின்னம்மாவ ‘பெற்றோர்’ல போடலாமா?”

“பெத்தாங்களா?”

“வளத்தாங்க சார்.”

“வளத்ததுக்கு அவங்க லிஸ்ட்ல எடமில்ல அருள். பொருந்தலன்னா ‘மற்றவர்’. சாயந்தரம் அனுப்பணும்.”

அவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது அம்மா இறந்தாள். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்திருந்த அம்மாவின் தங்கை கமலாம்பாள், துணிப்பையோடு வந்து இறங்கியவள், திரும்பிப் போகவில்லை. அதெல்லாம் அந்தக் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. பட்டியல்தானே என்று நினைத்து, ‘மற்றவர்’ என்று போட்டான்.

வீடு பிரித்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தது. மற்றவர் என்றால் தனிக் குடும்பம், தனி வீடு. பூட்டிப் போட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். நாற்பத்தோரு பேருக்கு அப்படிக் கிடைத்தது. சிலர் சந்தோஷப்பட்டார்கள். கமலாம்பாள் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நடந்ததை அவனே அவளிடம் சொன்னான். சிரித்தாள். அதன்பிறகு அவன் இரண்டு நாள் வராவிட்டால் ஷர்மிளாவிடம் சொல்லியனுப்புவாள்: “மத்தவ வீட்டுல சுறாப்புட்டு செஞ்சிருக்குன்னு சொல்லு. தோதுப்பட்டா வரட்டும்.”

“இங்கயே வந்துடு சின்னம்மா” என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறான்.

“எம்புள்ள வாங்கிக் குடுத்த வீடு. பூட்டிட்டு வருவனா நானு?”

பத்து மணிக்குப் பெரியப்பா வைத்திலிங்கம் வந்தார். அப்பாவின் அண்ணன், அந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எதற்கும் அவர் வாய்ச்சொல்தான்.

“கீழவாஞ்சூருக்கு ஆளு போயிருக்கு” என்றார். “அவ புருசன் வகையில கொழுந்தன் மவன் ஒருத்தன் இருக்கான். அவந்தான் கொள்ளி வைக்கணும்.”

அருள்மணி எழுந்து நின்றான். “பெரியப்பா, நான்...”

“நீ என்னா?”

நான் அவள் பிள்ளை என்று சொல்ல வேண்டும். கேட்ட இடத்தில் ஒருமுறை சொல்லத் தவறிய வார்த்தை அது.

“ஒண்ணுமில்ல” என்று உட்கார்ந்தான்.

இரண்டு மணிக்கு அந்தக் கொழுந்தன் மகன் முத்தையன் வந்து சேர்ந்தான். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன். காதோரம் நிலக்கரித் தூள் கழுவியும் போகாமல் இருந்தது. மாலையைப் போட்டுவிட்டு, உள்ளே கிடந்தவளைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு அருள்மணி பக்கம் திரும்பினான்.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

அருள்மணி வாயைத் திறந்தான். வைத்திலிங்கம் முந்திக்கொண்டார். “அக்கா மவன்.”

“மவன்தாங்க” என்றாள் ஷர்மிளா, கதவோரத்திலிருந்து. “மூணு வயசுலேர்ந்து.”

வைத்திலிங்கம் அவளை முறைத்தார். முத்தையன் கழுத்தைச் சொறிந்துகொண்டான்.

“அப்ப நான் எதுக்குங்க?”

“மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல தம்பி.”

“மொறைக்குத்தான் வந்துட்டேனே. அவங்க மொகத்த இன்னைக்குத்தான் பாக்குறேன். அழுவக்கூட வரலீங்க. அவரு குடத்தத் தூக்கட்டும், நான் பக்கத்துல நிக்கிறேன். சாயந்தரம் லோடு வேற இருக்கு.”

வைத்திலிங்கம் தோள் துண்டை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார்.

“போயி குளி” என்றார் அருள்மணியிடம்.

சுடுகாட்டிலிருந்து மொட்டைத் தலையோடு அவன் திரும்பியபோது வெயில் முழுசாக இறங்கியிருக்கவில்லை. நாலாம் வரிசை வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பாயை எடுத்துப் போட்டாகிவிட்டது. ஷர்மிளா விளக்கும் எண்ணெயுமாக வாசலில் நின்றாள்.

“உசுரு போன எடத்துலதான் ஏத்தணுங்கறாங்க பெரியப்பா. இங்க ஆரு இருந்து எண்ண ஊத்துறது?”

“நம்ம வீட்ல ஏத்து.”

“கேட்டா?”

“நான் சொன்னேன்னு சொல்லு.”

அவள் முன்னே போனாள். அவன் உள்ளே சென்று, மூலையில் ஒதுக்கி வைத்திருந்த செம்பை எடுத்தான். நேற்றைய தண்ணீர் அப்படியே இருந்தது. கதவைப் பூட்டவில்லை, சும்மா சாத்திவிட்டு நடந்தான்.

முதல் வரிசை வீட்டின் முன்னறையில், சுவரோரமாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செம்பைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, தட்டால் மூடி விளக்குக்கு எதிரில் வைத்தான். எட்டி நின்று பார்த்தான். பிறகு குனிந்து விளக்குப் பக்கமாக ஒரு முழம் நகர்த்தி, மேலே இருந்த தட்டை எடுத்துவிட்டான்.