கிடாரம் வெளியே போகும் நாட்கள்

இன்றைக்கும் இணையம் நின்று அந்த வட்டம் சுற்றினால் எழும்பிப்போய் மரக்கறி வெட்டுவேன், அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கண்ணாடித் திரையிடம் இன்னும் எவ்வளவு கெஞ்சுவது?

கலாவதி இப்படி நினைத்துக்கொண்டுதான் காலையில் கணினியைத் திறந்தாள். கிங்ஸ்பரி வீட்டின் பின்னறையை அடைத்துக்கொண்டிருந்த பெரிய கணினி. மகள் மிதுஷா தனி வீடு போனபோது விட்டுப்போனது. அதில்தான் அவள் இரண்டு வருடமாகச் செஸ் விளையாடுகிறாள். லண்டன் தமிழ்ப் பெண்கள் பதினாறு பேர் சனிக்கிழமைகளில் நடத்தும் போட்டி அது. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். இணையம் நின்றாலும் கடிகாரம் நிற்காது. இந்த வருடத்துப் பத்து ஆட்டங்களில் ஏழு, வட்டம் சுற்றச் சுற்ற நேரம் கரைந்தே தோற்றவை. இன்னொரு முறை பாதியில் அறுந்தால் பெயரை எடுத்துவிடுவோம் என்று போட்டியை நடத்தும் நிர்மலா மரியாதையாகவே சொல்லிவிட்டாள்.

செய்யாத வைத்தியம் இல்லை. கணினியின் பின்புறத்தில் பூட்டப் புது அன்டெனா வாங்கினாள். மேசையை ஜன்னல் பக்கம் இழுத்தாள். இணையக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தால், வீடு வரைக்கும் வேகம் சரியாகத்தான் வருகிறது என்றார்கள். ரவுட்டரை நிறுத்திப் போடும் வேலை மட்டும் கணவர் கணேசலிங்கத்தினுடையது. அது படிக்கட்டின் கீழ் அலுமாரியில் இருந்தது; அந்த அலுமாரி அவருடைய இராச்சியம்.

ஆனால் இன்று காலை பயிற்சி ஆட்டம் பறந்தது. தொட்டால் காய் நகர்ந்தது. கலாவதிக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. நல்ல காலம் ஒன்று கிடைத்தால் அதன் காரணத்தைத் தேடாமல் அவளால் இருக்க முடியாது.

ஆட்டங்களை எழுதும் கொப்பியைப் புரட்டினாள். அறாமல் முடிந்த மூன்று ஆட்டங்கள். திகதிகளுக்குப் பக்கத்தில் அவளே குறித்திருந்தாள்: நண்பர் புதுவீட்டுக் குடிபூரல். கோயில் அன்னதானம். கம்சிகா பெரியபிள்ளையான சாமத்தியவீடு. இதுவரை அவற்றை நல்ல நாள் என்றே நம்பியிருந்தாள். மங்கலம் நடக்கும் நாளில் மூளையும் வேலை செய்கிறதாக்கும் என்று.

மூன்று நாளும் கிடாரம் வீட்டில் இல்லை.

நூற்றைம்பது பேருக்குச் சோறு அவிக்கும் அலுமினியக் கிடாரம் அது. வெம்பிளி வரை எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் கணேசலிங்கத்தைத்தான் கேட்பார்கள். அவரும் தானே தன் வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, தானே திருப்பி எடுத்துவருவார். நேற்று நவநீத் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருந்தது. மற்ற நாட்களில் அதன் இடம் படிக்கட்டின் கீழ்.

அலுமாரியைத் திறந்தாள். நிலத்தில் கிடாரம் இருந்த வட்டத் தடம். தடத்தின் நடுவே, மொட்டையாக, பச்சை விளக்கு மினுங்க ரவுட்டர்.

ரிமோட்டையே பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவைக்கிற மனிசன். தூசு படாமல் இதை வேறெங்கே வைப்பார்?

மிதுஷாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை.

"பிள்ளை, கொப்பர் வைஃபையை அவிச்சுக்கொண்டு இருந்திருக்கிறார்!"

"என்னம்மா சொல்லுறியள்?"

"ரவுட்டரைக் கிடாரத்துக்கை வைச்சிருக்கிறாரடி. வயர் மட்டும் வெளியாலை."

"மூடி போட்டோ?"

"ஓம், மூடியும் போட்டு!"

மிதுஷா மூச்சு விட்டுச் சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது. "உயரமா வையுங்கோ அம்மா. சுத்திவர ஒண்டும் மறைக்கக்கூடாது."

கலாவதி ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ரவுட்டரை ஏற்றினாள். அலுமாரிக் கதவைத் திறந்தே விட்டாள். அதன் பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இனித் தோற்றால் நான்தான் தோற்பேன். ஏழு தோல்விகளிலும் அந்தச் சுற்றும் வட்டத்துக்குப் பின்னால் தான் கொஞ்சம் சௌகரியமாக ஒளிந்திருந்ததை அவள் இப்போது கண்டாள். கண்டது வெட்கமாக இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது.

மூன்றரைக்குப் போட்டி ஆட்டம். எதிரே ஈஸ்ட் ஹாமிலிருந்து கிளறிற்றா. இருவரும் தொலைபேசியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஆடுவதுதான் வழக்கம்.

"என்ன கலாக்கா, இண்டைக்கும் பாதியிலை ஓடப்போறியளோ?"

"ஓடுறது ஆரெண்டு பாப்பம்."

பன்னிரண்டாவது நகர்த்தலில் கலாவதி ஒரு குதிரையைச் சும்மா பறிகொடுத்தாள். இணையத்தின் பிழை இல்லை, முழுக்கத் தன் பிழை. அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

"குதிரை போனதுக்குச் சிரிக்கிறியள், விசரே?"

"என்ரை குதிரை, நான் குடுத்தனான்."

பிறகு அவள் ஆடிய ஆட்டம் அவளுக்கே புதிது. நான்கு நிமிடம் மீதி இருந்தபோது கிளறிற்றாவின் ராஜா மூலையில் ஒடுங்கி நின்றது. கிளறிற்றாவின் பகிடியும் நின்றது.

முன்கதவு திறந்தது. கழுவித் துடைத்த கிடாரத்தை வயிற்றோடு அணைத்தபடி கணேசலிங்கம்.

"கலா, ரவுட்டர் ஏன் ஸ்டூலிலை ஏறி நிக்குது? இதைக் கழட்டிப்போட்டு கிடாரத்தை வைக்கட்டே? ரெண்டு நிமிசம். பிறகு அதையும் உள்ளுக்கை பத்திரமா வைச்சுவிடுறன்."

"வையுங்கோ அண்ணை, கெதியா வையுங்கோ!" என்று தொலைபேசிக்குள்ளிருந்து கிளறிற்றா கத்தினாள்.

"கை நோகுதப்பா. வைக்கட்டே?"

கலாவதி திரும்பிப் பார்க்கவில்லை. ராணியை எடுத்து வைத்தாள். வைத்த இடத்தில், வைத்த கணத்தில் அது நின்றது.

"வேண்டாம்," என்றாள், இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்பதுபோல மெதுவாக. "அது அங்கையே இருக்கட்டும்."